இணைச்சீருக்கு என் மகளை வேண்டாம் என்றது யார்

என் மகன் கல்யாணத்தில் என் மகளை இணைச்சீருக்கு நிற்க விடாமல் செய்தது நீங்கள். அருமைக்காரர் ஆகாது என்று சொல்லிவிட்டதாக எங்கள் வாசலில் நின்று நீங்கள் சொன்னது பொய். அவரை நீங்கள் கேட்கவே இல்லை.

நீங்கள் என்பது என் வீட்டுக்காரரின் அண்ணன். பெயர் எழுதப் போவதில்லை. பாலக்காட்டு எல்லையில் இருக்கும் எருத்தேன்பதியில் எங்கள் பங்காளிகளில் யார் இதைப் படித்தாலும் ஆள் யாரென்று தெரியும். மற்றவர்களுக்குப் பெயர் எதற்கு?

மற்றவர்களுக்கு இணைச்சீர் என்றால் என்னவென்று சொல்ல வேண்டும். தாலி கட்டுவதற்கு முன்னால் மாப்பிள்ளையோடு கூடப்பிறந்தவளை நிறுத்திச் செய்கிற சீர் அது. பெண்ணுக்கு உடுத்தக் கொடுக்கும் கூறைச் சேலையின் ஒரு முனையை அவன் பிடித்திருப்பான், மறு முனையை அவள் பிடித்திருப்பாள். அருமைக்காரர் நடத்தி வைப்பார். அவர் ஐயர் இல்லை. எங்களில் ஒருவர், முறை தெரிந்த பெரியவர். இந்த வீட்டுக்கு இன்னொருத்தி வருகிறாள், அதனால் உன் இடம் போய்விடாது என்று கூடப்பிறந்தவளுக்கு ஊர் முன்னால் சொல்வதுதான் அந்தச் சீர். என் தம்பி கல்யாணத்தில் நான் நின்றேன்.  அதற்குப் பிறகு என் அம்மா வீட்டுக்கு எத்தனை தடவை போயிருப்பேன், ஒரு தடவை கூட வாசலில் தயங்கி நின்றதில்லை.

என் மகள் ஆப்பிரிக்காவில் மலாவி என்ற நாட்டில் மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறாள். மூன்று வருஷம் என்று சொல்லிப் போனவள். தன் தம்பி கல்யாணத்துக்கு வந்துவிட்டுத் திரும்பியதும் இன்னும் ஐந்து வருஷத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டாள். நடுவில் கொடுக்கிற லீவுக்கும் வரவில்லை என்கிறாள். அவள் வருவாளா, மாட்டாளா? எனக்கு இப்போது அது ஒன்றுதான். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். பத்தாவது வரைக்கும் தமிழ் மீடியத்தில் படித்தேன். அதற்குப் பிறகு பால் சொசைட்டியில் கையெழுத்துப் போட்டதுதான் எழுத்து. அழகாக எழுத வராது.

அவளை நர்சிங் படிக்க அனுப்பியது நான்தான். என் வீட்டுக்காரர் டீச்சர் வேலைக்குப் படிக்கட்டும் என்றார். நான்தான் பிடிவாதமாக நின்றேன். கோட்டயம் பக்கம் ஒரு காலேஜ். படித்து முடித்து பாலக்காட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் இரண்டு வருஷம் வேலை பார்த்தாள். அப்போது ஒரு நாள் லீவில் வந்திருந்தாள். இரண்டு பேரும் உட்கார்ந்து விதைக் கடலை தொலித்துக்கொண்டிருந்தோம். விதைக்கு வேண்டியதை நாங்கள் மெஷினில் போட மாட்டோம், பருப்பு உடைந்துவிடும், கையால்தான் தொலிப்போம். அரை மூட்டை மீதி இருந்தது.

“அம்மா, நான் ஞானஸ்நானம் எடுத்துட்டேன்.”

“எப்ப?”

“போன மாசம்.”

“போன மாசம் எடுத்துட்டு இந்த மாசம் வந்து சொல்றயா?”

“கேட்டிருந்தா விட்டிருப்பயா?”

“விட்டிருக்க மாட்டேன்.”

“அதுக்குத்தான்.”

 அரை மூட்டையையும் தொலித்து முடித்துவிட்டுத்தான் எழுந்தோம். நான் நான்கு மாசம் அவளோடு பேசவில்லை. போன் வந்தால் அவள் அப்பா எடுப்பார். “உங்கம்மா நல்லாத்தான் இருக்கறா. கோவமா இருக்கறா, அப்பறம் நல்லா இல்லாம என்ன” என்று சொல்வார். நான் மாட்டுக்குத் தவிடு கலக்குவது மாதிரி பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருப்பேன்.

சாமி விஷயத்தில் அவள் சொல்வது எனக்கு இன்றைக்கும் ஒத்துவராது. நான் செவ்வாய், வெள்ளி மாரியம்மனுக்கு விளக்குப் போடுகிறவள். சாகிற வரைக்கும் போடுவேன். அவளை மாற்ற எனக்கு வாய் போதவில்லை, என்னை மாற்ற அவளுக்கு நேரம் போதவில்லை. இப்படியே இருக்கிறோம்.

மலாவிக்குப் போகிறேன் என்று சொன்னபோது வாய்க்கு வந்தபடி திட்டினேன். நம்ம ஊரில் நோயாளிக்கு என்ன பஞ்சம், அட்டப்பாடி மலைக்குப் போ, அங்கே போய்ச் செய் என்றேன்.

“இங்க நோயாளிக இருக்கறாங்கம்மா. நர்சும் இருக்கறாங்க. அங்க அறுபது கிராமத்துக்கு நாலு நர்சு.”

“அந்த நாலு பேரு பாத்துக்கட்டும்.”

“அதுல ஒருத்தி ஊருக்குப் போறா. அவ எடத்துக்குத்தான் நான் போறேன்.”

இப்படிக் கணக்காகப் பதில் சொன்னால் என்ன செய்வது? அந்தக் குணம் என்னிடமிருந்து அவளுக்குப் போனது.

அவள் போவதற்கு முன்னால் சபையில் ஒரு நோட்டீஸ் அடித்தார்கள். அவள் படம் போட்டு, ஊர் பெயர் போட்டு, இருளிலிருந்து வெளிச்சத்துக்கு வந்த சகோதரி என்று எழுதியிருந்தார்கள். அது சுற்றிச் சுற்றி என் கைக்கு வந்தது. பாஸ்டருக்குப் போன் போட்டேன். அவர் மலையாளி. தமிழ் ஓரளவு பேசுவார்.

“எங்க வீட்ல என்னங்க இருட்டு? தோட்டத்துக்கு த்ரீ பேஸ் லைன் இழுத்து இருபது வருசமாச்சு.”

“அய்யோ அம்மா, அது பைபிள்ல உள்ள ஒரு பிரயோகமாணு. உங்களை ஒண்ணும் சொன்னதல்ல.”

“ஊர் பேரு போட்டிருக்குது. ஊர்ல அவளுக்கு இருக்கறது ஒரு வீடு. அந்த வீட்ல இருக்கறது நானு. அப்பறம் வேற யாரைச் சொன்னீங்க?”

 அடுத்த வாரம் அவரே பஸ் ஏறி வந்தார். மீதி நோட்டீஸைக் கொடுக்கவில்லை, கட்டி வைத்துவிட்டேன் என்றார். தப்பு எங்களுடையது என்று என் வீட்டுக்காரர் முன்னால் சொன்னார். சாப்பிட்டுவிட்டுத்தான் போனார். அந்த ஆள் மேல் எனக்குக் கோபம் தீர்ந்துவிட்டது. தப்பு என்று சொல்லத் தெரிந்தவரோடு எனக்கு என்ன சண்டை?

கோயம்புத்தூர் ஏர்போர்ட்டில் அவள் குனிந்து என் காலைத் தொட்டாள். “உங்க சாமி திட்டாதா?” என்றேன். “அம்மா காலைத் தொட்டா எந்தச் சாமியும் திட்டாது. நீ திட்டாம இரு, அது போதும்” என்றாள். நான் திட்டவில்லை. காருக்கு வந்து உட்கார்ந்து அழுதேன். என் வீட்டுக்காரர் வாளையாறு வரும் வரைக்கும் ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தார். அப்புறம், “தேங்காய் போட ஆள் நாளைக்கு வர்றான்” என்றார். அவருக்கு அவ்வளவுதான் வரும்.

ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு நான்கு மணி ஆகும்போது அவளுக்கு மதியம். சபை முடிந்து வந்து வீடியோ போடுவாள். முதலில் சோறுண்டாயா என்று கேட்பேன். தட்டைக் காட்டுவாள். வெள்ளையாக உருண்டையாக இருக்கும். மக்காச்சோள மாவைக் கிண்டிச் செய்வது. நம்ம களிதான். ராகிக்குப் பதில் மக்காச்சோளம். இங்கே இருக்கும்போது களி என்றால் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போகிறவள், அங்கே கையால் உருட்டி உருட்டித் தின்றாள். “அவ்வளவு தூரம் போயா களி திங்கோணும்? இங்கயே போட்டிருப்பனே” என்றேன். சிரித்துச் சிரித்து அவளுக்குப் புரையேறிவிட்டது.

ஒரு வாரம் ஒரு கடலைக் காட்டைப் போட்டோ எடுத்து அனுப்பினாள். அங்கேயும் பெண்கள் நிலக்கடலை போடுகிறார்கள். செடி மஞ்சளாக இருக்கிறது, காய் பிடிக்கவில்லை என்கிறார்கள், உனக்கு ஏதாவது தெரியுமா என்று கேட்டாள். எத்தனை நாள் பயிர் என்று கேட்டேன். ஐம்பது நாள். களை வெட்டினார்களா? நேற்றுக்கூட வெட்டினார்கள்.

“அடப் பாவமே. விழுது மண்ணுக்குள்ள எறங்கற சமயத்துல மண்ணைக் கிளறுனா எப்பிடிக் காய் புடிக்கும்? நாப்பது நாளைக்குள்ள களையெடுத்து மண்ணணைச்சு முடிச்சிரோணும். அப்பறம் களைக்கொத்தை அந்தப் பக்கமே கொண்டுபோகக் கூடாதுன்னு சொல்லு. கையில புடுங்கட்டும்.”

அவள் அந்தப் பெண்களைக் கூட்டி வைத்து இதைச் சொன்னாளாம். அடுத்த பட்டத்தில் காய் நன்றாகப் பிடித்தது. அறுவடை நாளில் வீடியோ போட்டாள். ஏழெட்டுப் பெண்கள் கொடியோடு கடலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்துப் பாடினார்கள். ஒரு வார்த்தை புரியவில்லை. இங்கே விவசாய ஆபீசுக்கு, கிருஷி பவனுக்கு, நான் போனால் ஆபீசர் உட்காரக்கூடச் சொல்ல மாட்டார். ஏழு கடல் தாண்டி எனக்குப் பாட்டு. அன்றைக்கு என் வீட்டுக்காரரிடம், “நானும் மிஷன் வேலைதானுங்க பாக்கறேன், சம்பளம் மட்டும் வரல” என்றேன்.

அங்கே மழைக்காலத்தில் ஒரு ஞாயிறு அவள் குரல் வேறு மாதிரி இருந்தது. வீடியோ வேண்டாம், நெட் சரியில்லை என்றாள். மூன்று வயசில் தொட்டியில் விழுந்துவிட்டு விழவில்லை என்று சொன்னபோதும் இந்தக் குரல்தான். “காய்ச்சலா?” என்றேன். மலேரியா. பத்து நாளாகப் படுத்திருக்கிறாள். எங்களிடம் சொல்லவில்லை.

அந்தப் பத்து நாளும் அவளைப் பார்த்துக்கொண்டது அந்தக் கடலைக்காட்டுப் பெண்களில் ஒருத்தி. என் வயசு இருக்கும். மக்காச்சோளக் கஞ்சியில் கடலை மாவு கலந்து மூன்று வேளையும் நடந்து வந்து கொடுத்திருக்கிறாள். துணி துவைத்துப் போட்டிருக்கிறாள். மகள் எழுந்து உட்கார்ந்ததும் அந்த அம்மாவை வீடியோவில் காட்டினாள். அவளுக்கு என் பாஷை தெரியாது, எனக்கு அவள் பாஷை தெரியாது. நான் கையெடுத்துக் கும்பிட்டேன். அவள் கையைத் தட்டிக் குனிந்தாள், அங்கே மரியாதை அப்படித்தானாம். என் மகளுக்கு ஒரு சாமி கிடைத்ததில் எனக்கு இருந்த கோபம் அன்றைக்கு ஒரு பக்கமாகப் போய்விட்டது. நம்ம பிள்ளை ஊருக்குச் செய்யப் போனாள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். ஊரும் நம்ம பிள்ளைக்குச் செய்யும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

பிறகு மகனுக்குப் பெண் அமைந்தது. வைகாசியில் கல்யாணம். மகள் இருபது நாள் லீவு வாங்கினாள். போனில் அவளிடம் கேட்டேன், சீருக்கு நிற்பாயா, உன் வேதத்தில் ஒத்துக்கொள்வார்களா என்று.

“சாமி கும்பிடச் சொன்னாக் கும்பிட மாட்டேன். தம்பிக்குச் சேலை புடிக்கச் சொன்னாப் புடிப்பேன். அதுக்கு என்ன? என் தம்பிதானே” என்றாள்.

எனக்கு அது போதும். அவள் உடுத்துவதற்குச் சேலை எடுத்தேன். மாம்பழ மஞ்சள், அரக்கு பார்டர். கொல்லங்கோட்டில் நான்கு கடை ஏறி இறங்கி எடுத்தது.

எங்கள் வழக்கத்தில் அருமைக்காரரைப் பெண்கள் நேராகப் போய்க் கேட்பதில்லை. பங்காளிகளில் மூத்தவர்தான் வெற்றிலை பாக்கோடு போய்ச் சொல்லி வருவார். யார் சீருக்கு நிற்பது, என்ன நேரம், எல்லாம் அவர் வாய் வழியாகத்தான். அதனால் நீங்கள் போனீர்கள். போய்விட்டு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று சொன்னீர்கள்.

“ஆகாதுங்கறாரு.”

“ஏனுங்க மாமா?”

“ஏன்னா? வேதத்துல சேந்தவ எப்பிடிச் சீருக்கு நிப்பா? எம்பட புள்ளை நிக்கட்டும். அவளும் தங்கச்சிதான.”

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் கீழே பார்த்தார். மகன் உள்ளேயிருந்து வந்து, “அக்காவே நிக்கட்டும்மா, நான் வேணா அருமைக்காரர்கிட்டப் போய்ப் பேசறேன்” என்றான். நான்தான் தடுத்தேன். “அவரே ஆகாதுங்கறாரு, கல்யாண மாப்பிள்ளை போய் வம்பு பேசறதா?” என்றேன். இதை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது. பாஸ்டருக்குப் போன் போட்டுச் சண்டை பிடித்தவள் நான். உட்காரச் சொல்லாத கிருஷி பவன் ஆபீசரிடம் நின்றபடியே நியாயம் கேட்டவள். சொந்த அருமைக்காரரிடம் கேட்க ஒரு கிலோமீட்டர் நடக்கவில்லை. பெண்கள் கேட்பதில்லை என்பதால் நானும் கேட்கவில்லை.

மகள் வந்து இறங்கிய அன்றைக்கே சொல்லிவிட்டேன். “சரிம்மா” என்றாள். அவ்வளவுதான்.

கல்யாணத்தன்று உங்கள் மகளுக்கு மடிப்பு வைக்கத் தெரியவில்லை. சின்னப் பெண், அவளைக் குறை சொல்ல மாட்டேன். சீருக்கென்று நான் எடுத்திருந்த அந்த மாம்பழ மஞ்சள் சேலையை என் மகள்தான் அவளுக்குக் கட்டிவிட்டாள். முட்டி போட்டு உட்கார்ந்து, கீழ் மடிப்பை ஒவ்வொன்றாக நீவி, பின் குத்தினாள். “அழகா இருக்கறடா அம்மிணி, நடக்கறப்ப கொசுவத்த மிதிச்சராத” என்று கன்னத்தைத் தட்டினாள். நான் பூக்கூடையோடு கதவில் நின்றேன். என்னால் உள்ளே போக முடியவில்லை.

சீர் நடந்தபோது அவள் பந்தல் ஓரத்தில் நீலச் சேலையில் நின்றாள். தம்பி மணையில் உட்கார்ந்துகொண்டு அவளைத் தேடினான். கண்டுபிடித்ததும் தலையைக் குனிந்துகொண்டான். அருமைக்காரருக்கு வயசாகிவிட்டது. சீர் முடிந்து எழுந்திருக்கும்போது தலை சுற்றித் தடுமாறினார். முதலில் ஓடியது என் மகள்தான். தூணில் சாய்த்து உட்கார வைத்து, நாடி பிடித்துப் பார்த்து, உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர் கொடுத்தாள். அவர் சரியானதும் எழுந்து சமையல் பக்கம் போய்விட்டாள்.

அடுத்த வாரம் பெட்டி கட்டினாள். மகனும் மருமகளும் இன்னும் இரண்டு நாள் இரு என்றார்கள். மருமகளுக்குக் காதில் ஏதோ சொல்லிச் சிரிக்க வைத்தாள், நெற்றியில் முத்தம் கொடுத்தாள். ஏர்போர்ட்டில் என்னிடம், “இனி எப்ப வருவேன்னு தெரியலம்மா. என்னால உங்களுக்கெல்லாம் சங்கடம். அங்க இருந்தா யாருக்கும் சங்கடமில்லை” என்றாள். குரலில் கோபம் இருந்திருந்தால் நான் பதிலுக்குத் திட்டியிருப்பேன். கோபமே இல்லை.

நான்கு மாசம் கழித்துக் கொல்லங்கோட்டில் ஒரு கல்யாணம். பந்தியில் என் எதிர் வரிசையில் அருமைக்காரர். சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்.

“ஏனம்மிணி, உம்பட புள்ளை வெளிநாட்டுல சௌக்கியமா? பாவம், தம்பி கல்யாணத்துக்கு வரமுடியாமப் போச்சே.”

“வந்தாளுங்களே.”

“எங்க வந்தா? லீவு கெடைக்கல, அவ வல்லீன்னுதான உங்க மூத்தவரு சொன்னாரு. அதனாலதான அவரு புள்ளைய நிறுத்துனது.”



“அன்னிக்குத் தலை சுத்துனப்ப உங்களுக்குத் தண்ணி குடுத்தாளே, நீலச் சேலை. அவதானுங்க என் மக.”

அவர் சோற்றைப் பிசைந்த கையோடு அப்படியே இருந்தார். “சின்னப் புள்ளையில பாத்தது, அடையாளம் தெரியல. பொண்ணு வூட்டுப் புள்ளையாக்கும்னு நெனச்சனே” என்றார். அப்புறம், “கூடப் பொறந்தவ பந்தல்ல நிக்கறப்ப வேற ஒருத்திய வெச்சா நான் சீரு பண்ணுனேன்?”

“அவ வேதத்துல சேந்துட்டாளுங்க. அது ஆகாதுன்னு நீங்க சொன்னதா எங்ககிட்டச் சொன்னாங்க.”

“நான் சொன்னனா? எங்கிட்ட அந்தப் பேச்சே வல்லியே. வேதத்துல சேந்தாச் சேரட்டும், கூடப் பொறந்தது இல்லீன்னு ஆயிருமா?” இலையை மூடிவிட்டு எழுந்துவிட்டார். பாயசம் கூட வாங்கவில்லை.

அன்றைக்குச் சாயங்காலமே உங்கள் வீட்டுக்கு வந்தேன். நீங்கள் பேப்பர் படித்துக்கொண்டிருந்தீர்கள். பேப்பரைக் கீழே வைக்கவில்லை.

“கேட்டனா கேக்கலையான்னு இப்ப எதுக்கு? கல்யாணம் நல்லபடியா முடிஞ்சுதா இல்லையா?”

“என் புள்ளை வல்லைன்னு ஏன் சொன்னீங்க மாமா?”

“வர்றாள்னு சொன்னா அவருக்கு யாரு பதில் சொல்றது? ஒறம்பரை, சொந்தபந்தம் நாலு பேரு கேப்பாங்க. வேதக்காரியாகி ஆப்பிரிக்காவுல ஊழியம் பண்றாள்னா சொல்றது?”

“ஆமாங்க. அதைத்தான் சொல்றது.”

“நீ பொம்பளை. உனக்குக் கல்யாணச் சபை நடப்புத் தெரியாது.”

எனக்குச் சபை நடப்புத் தெரியும். மணையில் சீருக்கு நிற்கிற பெண்ணை, பிள்ளைக்குப் பெண் தேடுகிற வீட்டார் எல்லோரும் பார்ப்பார்கள். உங்கள் மகளையும் பார்த்தார்கள். மூன்றாம் மாசம் நிச்சயம் ஆனது. நல்ல இடம். அவள் நன்றாக இருக்கட்டும், நானே பட்டுச் சேலை எடுத்துத் தருகிறேன். நீங்கள் நேராக வந்து, உங்கள் மகளுக்கு இன்னும் இடம் அமையவில்லை, இந்தக் கல்யாணத்தில் அவளும் நிற்கட்டும் என்று கேட்டிருந்தால், என் மகளே முதலில் சரி என்றிருப்பாள். மடிப்பு வைத்துக் கட்டிவிட்டவள் அவள். நீங்கள் கேட்கவில்லை. அருமைக்காரரிடம் அவள் வரவில்லை என்றீர்கள், எங்களிடம் அவள் ஆகாது என்றீர்கள்.

அந்த ஞாயிறு நான்கு மணிக்கு மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அருமைக்காரர் சொன்னதை அவர் சொன்னபடியே சொன்னேன்.  

“பெரியப்பா சொன்னது இருக்கட்டும்மா. நீ ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.”

“ஆமாங் கண்ணு. கேக்கல. தப்புத்தான்.”

“சரி விடு.”

“இப்பத்தான் தெரிஞ்சுபோச்சே. லீவுக்கு வா.”

“உனக்குத் தெரிஞ்சுபோச்சு. எனக்குத் தெரிஞ்சுபோச்சு. அன்னிக்கு அத்தனை பேரும் பாத்தாங்கம்மா, நான் ஓரத்துல நின்னத. அவங்களுக்கு யாரு சொல்லுவா?”

அதற்குள் அங்கே ஒருவர் வந்து கூப்பிட்டார், பிரசவம். கையைக் கழுவிக்கொண்டே, “வெச்சர்றேன்மா, சாப்பிடு” என்று ஓடினாள். என் மகள் எந்தச் சாமிக்காகப் போனாளோ எனக்குத் தெரியாது. ஓடிய வேகம் எனக்குத் தெரியும். கன்றுக்குட்டி தலை வெளியே வந்துவிட்டது என்று கத்தினால் பாதிச் சோற்றில் எழுந்து தொழுவத்துக்கு ஓடிய பிள்ளை. அவளை வேண்டாம் என்று சொல்ல எங்கள் சீரில் ஒன்றுமே இல்லை. இதை அவளுக்கு நான் சொன்னால் அம்மா சமாதானம் சொல்கிறாள் என்றுதான் நினைப்பாள்.

அதனால் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

பங்குனியில் குலதெய்வக் கோயிலில் பங்காளிகள் கூட்டம் இருக்கிறது. கல்யாணத்துக்கு வந்த எல்லோரும் அங்கே வருவார்கள். அருமைக்காரரிடம் இந்தத் தடவை நானே நேராகப் போய்ப் பேசிவிட்டேன், வருகிறேன் என்றார். பெண்கள் உட்காரும் பக்கத்திலிருந்து எழுந்து வந்து, கேட்க வேண்டிய இடத்தில் நான் கேட்காமல் இருந்துவிட்டேன் என்று மைக்கில் நானும் சொல்வேன். மகன் போனில் பிடித்து அவளுக்குக் காட்டுவான். நீங்கள் எனக்கு முன்னால் வந்து நில்லுங்கள். அருமைக்காரரை என் மகளைப் பற்றி நீங்கள் கேட்டீர்களா, இல்லையா? லீவு வாங்கி வர இருந்தவளை வரவில்லை என்று ஏன் சொன்னீர்கள்? என் வாசலுக்கு வந்து என்னிடம் சொல்ல வேண்டாம். அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி, மைக்கில் பதில் சொல்லுங்கள்.